தாது எது, கழிவு எது?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில் சுரங்கங்களுக்குப் பெண் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. வீல் ஜேன், வீல் கிட்டி, வீல் மேரி ஆன், வீல் சார்லட். ‘வீல்’ என்பது கார்னிஷ் மொழியில் வேலைத்தலத்தைக் குறிக்கும் சொல். கிட்டியும் சார்லட்டும் யாரோ ஒரு முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருந்திருக்கலாம். அந்தச் சுரங்கங்களின் வாசலில் சுத்தியலோடு உட்கார்ந்து தாதுக்கல்லை உடைத்த பெண்களின் பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. ஆற்றுக்குப் பெண் பெயர் சூட்டிவிட்டு, அதிலிருந்து தண்ணீர் சுமப்பவளின் பெயரைக் கேட்காமல் இருந்து பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்று அந்தச் சுரங்கங்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. அவற்றினூடே நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் வட்டப் பாதைகள். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் புதர்க்காடு, நடுவில் கூரையிழந்த கல் கட்டிடங்கள். பார்க்க மிக அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் என் கேள்விக்குக் காரணம். பிறர் உடல் தேய்ந்த இடத்தில் நாம் இன்பமாக உலாவலாமா? உலாவினால், அந்த இடத்துக்கு நாம் என்ன கடன்படுகிறோம்?

‘உலாவக் கூடாது’ என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால் கோயில் பிராகாரத்திலும் அணைக்கட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும்கூட நாம் கால் வைக்க முடியாது. யாருடைய உழைப்பும் படாத அழகான இடம் உலகில் குறைவு. எனவே கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறேன். அங்கே நடக்கும்போது நம் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியாமல் போகிறது, அதை முடிவு செய்தது யார்?

கணக்கு வீடும் சாகசக்காரர்களும்

பொட்டாலக் என்ற ஊரிலிருந்து தொடங்கும் பாதையை எடுத்துக்கொள்கிறேன். கடலோரமாக வடக்கே லெவன்ட், கீவர் சுரங்கங்கள் வரை போய், ஊர்களின் வழியாக உட்புறமாகத் திரும்பி வரலாம். நிதானமாக நின்று பார்த்து நடந்தால் அரை நாள். செம்பும் வெள்ளீயமும் ஆர்செனிக்கும் எடுத்த பூமி. கார்ன்வால், மேற்கு டெவான் சுரங்க நிலப்பரப்பு முழுவதையும் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதில் இந்தக் கடற்கரையும் அடக்கம்.

பாதை தொடங்கும் இடத்தில் இருப்பது கணக்கு வீடு. சுரங்கத்தின் வரவு செலவை எழுதியதும் கூலி கொடுத்ததும் இங்கேதான். பங்குதாரர்கள் கூடி இலாபம் பிரித்துக்கொண்டதும், அன்று விருந்து உண்டதும் இங்கேதான். மற்ற கட்டிடங்கள் எல்லாம் இடிந்து கிடக்க, கணக்கு வீடு மட்டும் கூரையோடு உறுதியாக நிற்கிறது. கார்ன்வாலில் பங்குதாரருக்கு வழங்கிய பெயர் ‘சாகசக்காரர்’. பணத்தைப் பணயம் வைத்தவர் சாகசக்காரர், உடலைப் பணயம் வைத்தவர் கூலியாள். சொற்கள் இப்படித்தான் மரியாதையைப் பங்கு போடுகின்றன.

கணக்கு வீட்டைத் தாண்டிக் கடலை நோக்கி இறங்கினால் பாறை விளிம்பில் இரண்டு எஞ்சின் கூடங்கள். கீழே இருப்பது 1835இல் கட்டியது, மேலே இருப்பது 1862இல். ‘கிரவுன்ஸ்’ என்று பெயர். கார்ன்வாலைப் பற்றிய எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் இவற்றைப் பார்க்கலாம். தொலைக்காட்சித் தொடர்களிலும் இந்தக் கடற்கரை வந்திருக்கிறது. கீழே கடலுக்கு அடியில் சுமார் அரைக் கிலோமீட்டர் தூரம் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். தலைக்கு மேல் அலை உருட்டும் கற்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆண்கள் பாறையைத் துளைத்தார்கள்.

1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் பூமிக்கடியில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. கார்ன்வாலில் அதற்கு முன்பும் பெண்கள் கீழே இறங்கி வேலை செய்வது வழக்கமில்லை. ஆனால் 1865இல் வேல்ஸ் இளவரசர் பொட்டாலக்கைப் பார்க்க வந்தபோது இளவரசி அலெக்ஸாண்ட்ராவும் உடன் வந்தார். சாய்வாக இறங்கும் அந்தச் சுரங்கத்துக்குள் வண்டியில் அமர்ந்து அவரும் போய்வந்தார். ஆக, பெண்ணின் உடல் கீழே இறங்கவே முடியாத உடல் அல்ல. பார்க்க இறங்கலாம், சம்பாதிக்க இறங்கக் கூடாது.

களத்தில் இருந்தவர்கள்

கீழிருந்து வந்த கல்லை மேலே வாங்கியவர்கள் பெண்கள். அவர்களை ‘பால் மெய்டன்’ என்று அழைத்தார்கள். கார்னிஷ் மொழியில் ‘பால்’ என்றால் சுரங்கம். ‘சுரங்கத்துப் பெண்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கான பெண்களும் சிறுமிகளும் தாது உடைக்கும் களங்களில் இருந்தார்கள். பத்து வயதிலேயே வேலைக்கு வந்துவிட்ட சிறுமிகள் பலர்.

வேலையின் படிகளை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘கல் உடைத்தார்கள்’ என்று இரண்டு சொல்லில் கடந்து போய்விடுகிறோம். சுரங்கத்திலிருந்து வரும் பெரும் பாறையை முதலில் கனத்த சம்மட்டியால் பிளக்க வேண்டும். அடுத்து, உடல் வலுவுள்ள பெண்கள் நீளக் காம்புள்ள சுத்தியலால் அதைக் கைப்பிடி அளவுக்கு உடைப்பார்கள். இந்த வேலையில் ஒருத்தி ஒரு நாளில் சுமார் ஒரு டன் கல்லை உடைத்துப் போடுவாள். அதன் பிறகு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிறு சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்டி, தாது உள்ள பகுதியைத் தாது இல்லாத பகுதியிலிருந்து பிரிப்பார்கள். செம்புத் தாது என்றால் தட்டையான இரும்பால் அதை அரைத்துப் பொடியாக்கும் வேலையும் உண்டு. சிறுமிகள் பொறுக்குவார்கள், சலிப்பார்கள், தண்ணீரில் அலசுவார்கள். வெள்ளீயத் தாதுவாக இருந்தால் இயந்திர உலக்கைகள் இடித்துத் தள்ளிய சேற்றைச் சாய்வுப் பலகையில் ஓடவிட்டு, கனமான துகள் தங்கும்படி மெல்லக் கழுவி எடுக்க வேண்டும்.

தெறிக்கும் சில்லும் வெயிலும் முகத்தில் படாதிருக்க, அட்டை வைத்து விறைப்பாக்கிய வெள்ளைத் துணித்தொப்பி அணிந்தார்கள். கால்களில் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். வெட்டவெளியில் அல்லது பெயருக்கு ஒரு கொட்டகையின் கீழ், அட்லாண்டிக் காற்றில் இந்த வேலை நடந்தது. கூலி நாளுக்குச் சில பென்ஸ். ஆண்களின் கூலியைவிட வெகு குறைவு.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ‘கைவேலை’. கல்விமான்கள் எழுதிய அறிக்கைகளிலும் இது திறன் தேவைப்படாத வேலையாகவே வருகிறது. ஆனால் நடந்தது என்ன என்று யோசிப்போம். ஒரு கல்லைக் கையில் எடுக்கிறாள். எடையை உணர்கிறாள். நிறத்தையும் மினுமினுப்பையும் பார்க்கிறாள். எங்கே தட்டினால் எப்படிப் பிளக்கும் என்று அறிந்து தட்டுகிறாள். இது தாது, இது கழிவு என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு பக்கமும் எறிகிறாள். ஒரு நாளில் ஆயிரம் தீர்ப்புகள். தவறினால் கழிவும் உலைக்குப் போய் எரிபொருள் வீணாகும், அல்லது தாது குப்பைமேட்டுக்குப் போகும். சுரங்கத்தின் இலாபமே இந்தத் தீர்ப்பில் தொங்கியது.

தமிழில் பிரித்தெடுப்பதற்கு எத்தனை வினைகள் இருக்கின்றன! புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், பொறுக்குதல், ஆய்தல். அநேகமாக எல்லாமே முறத்தோடும் சல்லடையோடும் அடுக்களையோடும் சேர்ந்தவை. இவற்றில் ‘ஆய்தல்’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். வீட்டுத் திண்ணையில் பெண் கீரை ஆய்ந்தால் அது வேலை என்றுகூடக் கணக்கில்லை. அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த ‘ஆய்வு’ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கித் தருகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: எடுத்துப் பார்த்து, நல்லதை அல்லாததிலிருந்து பிரிப்பது. செய்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒன்று அறிவு, மற்றொன்று பழக்கம்.

1980இல் ஆன் ஃபிலிப்ஸ், பார்பரா டெய்லர் என்ற இரண்டு பெண்ணியவாதிகள் பாலினமும் திறனும் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். ஒரு வேலை திறன் மிக்கது என்று வகைப்படுத்தப்படுவதற்கு அந்த வேலையின் கடினம் மட்டும் காரணமல்ல, அதைச் செய்பவர்களின் பாலினமும் சேர்ந்தே அந்த வகைப்பாட்டை உண்டாக்குகிறது என்பது அவர்களின் வாதம். சுரங்கக் களம் அதற்குக் கண்முன் சான்று. எஞ்சினை இயக்கியவர் பொறியாளர். கல்லின் உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்தே அறிந்தவள் கூலிக்காரி.

நிற்பதும் கிடப்பதும்

இப்போது நடைபாதைக்குத் திரும்புவோம். அங்கே நம் கண்ணைக் கவர்வது எது? உயரமாக நிற்பது. எஞ்சின் கூடம், புகைபோக்கி, ஆழ்துளைக்கு மேல் எழுந்த இரும்புச் சட்டம். தகவல் பலகைகள் அவற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கேமராக்களும் அவற்றை நோக்கியே திரும்புகின்றன.

பெண்கள் வேலை செய்த களங்கள் சமதளமானவை. கொட்டகைகள் மரத்தால் ஆனவை, மக்கிப் போயின. மிஞ்சியிருப்பது தரையும் குவியல்களும் மட்டும். சுரங்கத்தார் தாதுவில்லாத கல்லுக்கு வைத்த பெயர் ‘செத்தவை’. அந்தச் செத்த கற்களின் மேட்டின் மேல்தான் நாம் ஏறி நின்று கிரவுன்ஸ் எஞ்சின் கூடங்களைப் படம் எடுக்கிறோம். பாதி கற்கள் சுரங்கத்திலிருந்து நேராகக் கொட்டப்பட்டவையாக இருக்கலாம். மற்றவை ஒரு பெண்ணின் கையில் இருந்தவை. அவள் பார்த்து, தட்டி, வேண்டாம் என்று எறிந்தவை. அவள் வேண்டும் என்று எடுத்துவைத்த கல் கப்பலேறி உருகி உலோகமாகிப் போய்விட்டது. அவளது வேலைக்குச் சாட்சியாக இந்தக் கரையில் தங்கியிருப்பது அவள் நிராகரித்தது மட்டும்.

இதை உணரும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. பெண்களின் உழைப்பு மறைந்துபோகவில்லை. அது கால் மிதிக்கும் இடத்தில் இருக்கிறது. நமக்கு நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. நினைவுச்சின்னம் என்றால் செங்குத்தாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. தரையாகக் கிடப்பதைச் சின்னம் என்று சொல்ல வாய் வருவதில்லை. சமைத்த சாப்பாடும் துவைத்த துணியும் பெருக்கிய வாசலும் வரலாற்றில் நிற்காமல் போனது இதனால்தான். அவை நிற்கிற பொருட்கள் அல்ல. முடிந்த மறுகணமே அடுத்த நாளின் வேலைக்குத் தரையாகிவிடுபவை.

பொட்டாலக்கிலேயே இதற்கு ஒரு கடுமையான உதாரணம் இருக்கிறது. எஞ்சின் கூடங்களுக்கு மேலே, சரிவில், ஆர்செனிக் எடுத்த கட்டிடத்தின் இடிபாடுகள். தாதுவை வறுக்கும்போது எழும் புகையை வளைந்து வளைந்து செல்லும் அறைகளில் ஓடவிடுவார்கள். சுவரில் ஆர்செனிக் வெண்பொடியாகப் படியும். மூக்கில் பஞ்சடைத்து, தோலில் களிமண் பூசிக்கொண்டு, தொழிலாளர்கள் உள்ளே போய் அதைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு காலத்தில் ஆர்செனிக் வெள்ளீயத்தைக் கெடுக்கும் தொல்லை. பின்பு பூச்சிக்கொல்லியாக அமெரிக்கப் பருத்தி வயல்கள்வரை விலைபோன சரக்கு. கல் மாறவில்லை, விலை மாறியது. தாது, கழிவு என்பவை கல்லின் குணங்கள் அல்ல. சந்தை அந்தந்த நேரத்தில் இடும் பெயர்கள். மனித உழைப்பையும் அதே சந்தைதான் ‘திறன்’ என்றும் ‘கைவேலை’ என்றும், ‘வேலை’ என்றும் ‘வீட்டுக் கடமை’ என்றும் பிரித்து எறிந்தது. அந்த ஆர்செனிக் பொடி படிந்த உடைகள் மாலையில் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். அவற்றைத் துவைத்த கைகள் எந்தக் கூலிப் புத்தகத்திலும் இல்லை.

ஒரே நாளில் இறந்தவர்களும் நாள்தோறும் தேய்ந்தவர்களும்

பாதையில் அடுத்து வருவது லெவன்ட். 1919 அக்டோபர் 20ஆம் தேதி, வேலை முடிந்து ஆண்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஏணியில் ஏறுவதற்குப் பதிலாக, மேலும் கீழும் அசையும் நெடிய மரத்தண்டில் பொருத்திய படிகளில் மாறி மாறி நின்று மேலேறும் இயந்திர அமைப்பு அங்கே இருந்தது. தண்டின் பிணைப்பு உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். சின்னஞ்சிறு ஊர்கள். எத்தனையோ வீடுகளில் அன்று மாலை அடுப்பு எரிந்திருக்காது. அதற்கு முன், 1893இல், பக்கத்து வீல் ஓல்ஸ் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து இருபது பேர் மாண்டார்கள். அவர்களின் உடல்கள்கூட மேலே வரவில்லை.

இந்த ஆண்களின் சாவைச் சிறிதாக்கிப் பெண்களின் துயரைப் பெரிதாக்குவது பெண்ணியம் ஆகாது. பாறைத் தூசியை சுவாசித்து நுரையீரல் இறுகி, நாற்பது வயதுக்குள் மூச்சுக்குத் திணறிய ஆண்கள் ஏராளம். ஆனால் நினைவின் கணக்கில் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரே நாளில் இறந்தவர்களுக்குக் கல்வெட்டு கிடைக்கிறது. வருடக்கணக்காகத் தேய்ந்தவர்களுக்குத் தேதி இல்லை. தேதி இல்லாத துயரத்துக்கு நினைவுநாள் வைக்க முடியாது. இறந்தவரின் மனைவி, இருமிக்கொண்டே கிடந்தவருக்குக் கஞ்சி கொடுத்தவள், பத்து வயது மகளைக் களத்துக்கு அனுப்பியவள், இவர்களுடைய வாழ்க்கை தேதியில்லாத துயரம்.

இங்கே இன்னொரு சிக்கலையும் நேர்மையாகப் பார்த்தாக வேண்டும். சுரங்கத்துப் பெண்களை வெறும் பாவப்பட்டவர்களாக வரைவதும் அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. அன்று ஏழைப்பெண்ணுக்கு இருந்த மாற்று வழி பெரும்பாலும் வீட்டு வேலைக்காரி ஆவது. அங்கே எசமானியின் கண்காணிப்பில் இரவுபகல் ஓய்வில்லை. களத்தில் நேரம் முடிந்தால் வேலை முடிந்தது. கையில் சொந்தக் காசு. பக்கத்தில் தோழிகள், பேச்சு, பாட்டு. விடுமுறை நாளில் இந்தப் பெண்கள் பகட்டாக உடுத்துகிறார்கள் என்று அன்றைய கனவான்கள் முகம் சுளித்து எழுதினார்கள். இவர்களுக்கு வீடு நடத்தத் தெரியாது, நல்ல மனைவிகளாக மாட்டார்கள் என்றும் கவலைப்பட்டார்கள். கூலி குறைவு என்று கவலைப்பட்டவர்களைவிட உடை அதிகம் என்று கவலைப்பட்டவர்களின் குரலே உரக்கக் கேட்கிறது. உழைக்கும் பெண்ணின் கையில் காசும் உடலில் நல்ல துணியும் இருந்தால் யாருக்கோ உறுத்தும் என்பது நாம் அறிந்த கதைதான்.

ஆக, சுரண்டலும் சுதந்திரமும் ஒரே களத்தில் இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் பொய். ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வந்த சட்டங்களையும் இந்த இரட்டைக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2019இல்தான் நிபந்தனைகளோடு அது தளர்ந்தது. அதற்கு முன்பே இங்கே இருந்த தடை, இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி தேவைப்பட்டபோது 1943இல் நீக்கப்பட்டு, போர் முடிந்ததும் 1946இல் திரும்பி வந்தது. நம் பாதையின் வடகோடியில் இருக்கும் கீவரிலும், ஆள் பற்றாக்குறையால் அதே போர்க்காலத்தில் தாது பிரிக்கப் பெண்களை அழைத்தார்கள். பெண்ணுடல் மென்மையானது என்ற கொள்கை தேவைக்கேற்ப விடுமுறை எடுத்துக்கொள்கிறது.

வட்டமாகத் திரும்பாதவர்கள்

கீவர் 1990இல் மூடியது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்ததில் விழுந்த அடி அது. இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து ஊர்களின் வழியாகத் திரும்பி நடந்தால் காலையில் புறப்பட்ட கணக்கு வீடு வந்துவிடும். வட்டப் பாதையின் சுகமே அதுதான், தொலையமாட்டோம் என்ற உறுதி. ஆனால் இந்த ஊர்க்காரர்களில் பலருக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை. 1860களில் செம்பு விலை விழுந்த பிறகு கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்கள். மனைவிகள் பலர் இங்கேயே தங்கி, வருமா வராதா என்று தெரியாத பணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் சிலர் கோலாருக்கு வந்தார்கள். 1880 முதல் கோலார் தங்கவயலை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம். கார்ன்வாலில் சுரங்கம் நடத்திப் பழகிய அதே நிறுவனம். கார்ன்வால்காரர்கள் மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். பாறையை உடைக்க இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள், அவர்களில் மிகப் பலர் தலித்துகள். கார்ன்வாலில் கூலியாக இருந்தவன் கோலாரில் துரை ஆனான். படிநிலை அழியவில்லை, கடல் தாண்டி வந்து இன்னொரு படியைத் தனக்குக் கீழே கண்டுபிடித்துக்கொண்டது. வர்க்கம் என்ற ஒரே ஒரு கண்ணாடியால் இதைப் பார்த்தால் சாதியும் நிறமும் தெரியாது. பால் என்ற ஒரே கண்ணாடியால் பார்த்தாலும் அப்படித்தான்.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. மிச்சம் இருப்பது சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக. அந்தக் குன்றுகளிலும் சினிமா எடுக்கிறார்கள். காற்று வீசும் மாதங்களில் அதன் தூசி குடியிருப்புகளின் மேல் படிகிறது. பாத்திரத்திலும் பாயிலும் படிகிற தூசியைத் துடைத்தெடுப்பது யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. கீழே போன ஆண்களின் வேலை நின்றுவிட்டது. சுரங்கத்தின் கழிவைக் கையாளும் பெண்களின் வேலை நிற்கவேயில்லை, கூலியும் இல்லை. வேலை தேடி மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்களுக்கும் இது வட்டப் பயணம்தான். அதற்கு யாரும் நடைபாதை வரைபடம் அச்சடிப்பதில்லை.

கடன்

எனவே, என்ன செய்வது? உலாவப் போகாமல் இருப்பதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது. போய்க் கண்ணீர் விடுவதாலும் கிடைக்காது. சிமோன் வெய்ல் ‘கவனம்’ என்பதை ஓர் அறச்செயலாகக் கருதினார். ஐரிஸ் மர்டாக் அவரிடமிருந்து அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, சரியாகப் பார்ப்பதே ஒழுக்கத்தின் தொடக்கம் என்று விரித்தார். அது எனக்கு உடன்பாடுதான். ஆனால் வெய்லே 1934இல் தொழிற்சாலைக்குப் போய் வேலை செய்தபோது கண்டுகொண்டது, அலுப்பு சிந்தனையைக் கொன்றுவிடுகிறது என்பதை. கவனம் செலுத்த ஓய்வு வேண்டும். நம்மிடம் இருக்கும் ஓய்வு இன்னொருவரின் ஓய்வின்மையிலிருந்து வந்திருக்கக் கூடும். ஆகவே கவனத்தோடு கடன் முடிந்துவிடாது, அங்கே தொடங்குகிறது.

அந்தக் கடனை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வகைப்பாட்டை மாற்றுவது. கணக்கு வீட்டின் பழைய கூலிப் புத்தகங்களில் பெண்களின் பெயரும் அதன் நேரே சில பென்ஸும் உண்டு. கார்ன்வாலில் லின் மேயர்ஸ் என்ற ஆய்வாளர் வருடக்கணக்காகச் சுரங்கத்துப் பெண்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். தாளை எடுத்துப் பார்த்து, இது வெறும் செலவுக் குறிப்பு அல்ல, ஒரு வாழ்க்கை என்று பிரித்து வைப்பது அந்தப் பெண்கள் களத்தில் செய்த அதே வேலைதான். கழிவு என்று எறியப்பட்டதை மறுபடி கையில் எடுத்து எடை பார்ப்பது.

இதை கார்ன்வாலுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும் என்றில்லை. மூடிய மில், வற்றிய உப்பளம், கைவிட்ட கல்குவாரி, எந்த ஊரிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. மாணவிகள் களப்பணிக்குப் போகும்போது புகைபோக்கியின் உயரத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். கூடவே சில கேள்விகளையும் எடுத்துச் செல்லலாம். பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? அவர்கள் எதைப் பிரித்தார்கள்? அதற்கு என்ன பெயர், என்ன கூலி? பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள்? இடம் மூடிய பிறகு யாருடைய வேலை மட்டும் மூடவில்லை? பதில் சொல்லக்கூடிய பாட்டிகள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். “நாங்க என்ன பெரிசா செஞ்சோம்” என்றுதான் அவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தோடு நோட்டுப்புத்தகத்தை மூடிவிடக் கூடாது.